ஆயிரம் பாணும் ஆடி அமாவாசையும்

எனக்கு உத்தியோகம் கல்லுக்குக் காவல். லண்டன் நடுவில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தின் எகிப்து மண்டபத்தில், கறுப்புக் கோட்டுடன் கதவோரம் நிற்கிற ஆள் நான்தான். மனோர் பார்க்கிலிருந்து காலையில் ரயில் பிடித்து வந்து, எட்டு மணித்தியாலம் "தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வீடு திரும்புவேன். பாரிசில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, இங்கே கடை போட்டு, அதையும் பூட்டியவனுக்கு இது சொகுசு வேலைதான். ஆனாலும் முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. செத்தவர்களுக்குச் சேவகம் செய்யவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று வீட்டில் கத்தினேன். "உயிரோட இருக்கிற ஆக்களோட உங்களுக்கு ஒத்துவராது. உதுதான் பொருத்தம்," என்றாள் மனைவி.

என் நாற்காலிக்கு நேரெதிரே மார்பளவு உயரத்தில் ஒரு சுண்ணாம்புக் கல். அதில் ஒருவர் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். மேசை நிறையப் பாணும், அதாவது ரொட்டியும், வாத்தும் மாட்டிறைச்சியும். சுற்றிவர எழுத்து. அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஆய்வாளர் ஒருவர், வெள்ளைக்காரப் பெண்மணி, கிழமைக்கு ஒரு தடவை ஆட்களைக் கூட்டிவந்து விளக்குவார். மூன்று வருடம் கேட்டால் கல்லுக்கே பாடமாகியிருக்கும், எனக்கு ஆகாதா?

செத்த பிறகு நெஞ்சைத் தராசில் வைப்பார்களாம். மறுதட்டில் ஓர் இறகு, அதுதான் சத்தியம். நெஞ்சு பாரமாக இருந்தால் ஒரு மிருகம் அதைத் தின்றுவிடும். அதற்கு முன் நாற்பத்திரண்டு நீதிபதிகளிடம், நான் இன்னின்னது செய்யவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். களவெடுக்கவில்லை, சரி. பொய் சொல்லவில்லை, கடை வைத்திருந்தவன், கொஞ்சம் இழுபறி. கோபத்தில் வாய்விடவில்லை என்ற இடம் வந்ததும் நான் யன்னல் பக்கம் பார்ப்பேன்.

ஆனால் கல்லில் இருந்த மனிதர் தன் பிறவியை இரண்டே வரியில் சொல்லி முடித்திருந்தார். பசித்தவருக்குப் பாண் கொடுத்தேன், தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தேன், உடுப்பில்லாதவருக்கு உடுப்பு, படகில்லாதவருக்குப் படகு. மனிதன் எதற்குப் பிறக்கிறான் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. ஊரை விட்டு வந்தபோது என்னையும் ஒருவர் படகில் ஏற்றினார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுதான் முதன்முதலாக அவரை நன்றியோடு நினைத்தேன்.

கடைசி வரி ஒரு வேண்டுகோள். வழியால் போகிறவர்களே, எனக்காக ஆயிரம் பாண், ஆயிரம் குடம் பியர், ஆயிரம் மாடு, ஆயிரம் வாத்து என்று வாயால் சொல்லுங்கள், மூச்சைத் தவிர உங்களுக்கு ஒரு செலவும் இல்லை என்கிறார். சொன்னால் அவருக்கு அது போய்ச் சேருமாம். ஆட்கள் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. மண்டபம் திறக்கும் முன் நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மாட்டையும் வாத்தையும் விட்டுவிடுவேன். "ஐயா, இண்டைக்கு வெள்ளி, மச்சம் இல்லை. பாணோட சமாளியுங்கோ," என்பேன். பியரைக் குறைக்கவில்லை, அது அவருடைய ஊர்ப் பழக்கம்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா லண்டனின் வடக்கே, எட்மண்டனில் இருக்கிறார். ஊரில் நடந்த சண்டையின் கடைசி மாதங்களில் அப்பா அக்காவோடும் அவருடைய பிள்ளைகளோடும் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்தார், நான் பாரிசில் இருந்தேன். பிள்ளைகள் பசியில் அழ, அரிசி பார்த்துக்கொண்டு வாறன் என்று அப்பா ஒரு காலை வெளியே போனார் என்றுதான் அக்கா சொல்லியிருந்தார். வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அது எந்த நாள் என்று அக்காவுக்கும் நிச்சயமில்லை.

ஆடி அமாவாசை, தகப்பனை இழந்தவர்கள் பிடிக்கிற விரதம். தகப்பன் இருக்கிறவன் பிடிக்கமாட்டான். நான் பிடித்தால் அப்பா இல்லை என்று நானே சொன்னதாகிவிடும். ஆகவே பிடிக்கவில்லை. ஒரே மகன் நான் அசையாததால் அக்காவும் ஒன்றும் செய்ய முடியாமல் ஒவ்வொரு ஆடியும் கேட்பார்.

"தம்பி, அப்பா பசியோட போனவர். ஒரு பிடி சோறு வையடா."

"உடம்பு கண்டதோ? திதி தெரியுமோ? ஆர் உங்களுக்குச் சொன்னது அப்பா இல்லையெண்டு?"

திதி தெரியாதவர்களுக்கும் அமாவாசை பொருந்தும் என்று விளக்கவந்த ஐயரிடமும் பாய்ந்தேன். அக்கா அழுதபடி போனை வைத்தார்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, நான் கல்லோடு கதைப்பதை ஆய்வாளர் கண்டுவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நல்லது செய்கிறீர்கள். இவர் எப்போது செத்தார் என்று தெரியாது. உடம்பும் கிடைக்கவில்லை. இந்தக் கல் மட்டும்தான் வந்தது," என்றார்.

எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. நாளும் உடம்பும் இல்லாத அந்நியனுக்கு மூன்று வருடமாகப் படைக்கிறேன், பெற்ற தகப்பனிடம் அத்தாட்சி கேட்கிறேன். பிரேக் நேரத்தில் அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"அக்கா, இந்த முறை நான் பிடிக்கிறன்."

"காத்தோட்டிக்காய் கடைக்கு வந்திட்டுதோ எண்டு பாக்கிறன்," என்றார். அந்தக் கைப்புக் காய் இல்லாமல் எங்களுக்கு ஆடி அமாவாசை இல்லை.

அமாவாசை அன்று லீவு எடுத்து எட்மண்டனுக்குப் போனேன். இலை போட்டு, சோறும் பருப்பும் காத்தோட்டிக்காயும் பாயாசமும் வைத்தோம். அப்பாவின் பெயரைச் சொல்லி, "சாப்பிடுங்கோ" என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்தது. ஆனால் நான் பயந்தபடி அப்பா இன்னொரு தடவை சாகவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டார் என்றுதான் தோன்றியது.

பிறகு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். கோழி கொத்துவது போலச் சாப்பிடுகிறவர் என்று அக்காவை எத்தனை தரம் ஏசியிருப்பேன். அன்று சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அண்டைக்குப் பசிக்குதெண்டு அப்பாட்டச் சொன்னது பிள்ளையள் இல்லையடா. நான்தான்."

"இன்னும் கொஞ்சம் சோறு போடு," என்று கோப்பையை நீட்டினார்.

போட்டேன். அக்காவையாவது எனக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போனதற்காக அப்பாவுக்கு நன்றி சொன்னேன், அவர் காதில் விழும்படி சத்தமாகவே.