மேசைமேல் வைத்த கை

விடியலில் நீராடி, நீறணிந்து, பதிகம் ஓதித் தொழுவது என் நெடுநாள் வழக்கம். சென்ற மாதம் ஒருநாள், கூப்பிய கைகளுக்கு நடுவே ஏதோ உறுத்தியது. வலது உள்ளங்கையில், மோதிரவிரலுக்கு நேர்கீழே, பயற்றளவில் ஒரு முடிச்சு. வலியில்லை. அதிலிருந்து விரலை நோக்கி, தோலுக்கடியில் மெல்லிய நார் ஒன்று ஓடியது. தொழும்போது உள்ளம் ஓரிடத்தில் குவியவேண்டும் என்று பலருக்கும் சொன்னவள் நான். அன்று என் உள்ளம் அந்த முடிச்சில் மிக நன்றாகவே குவிந்தது.

மருத்துவர் இளம்பெண். என் கையை மேசைமேல் கவிழ்த்து விரித்து வைக்கச் சொன்னார். படிந்தது. "இப்போதைக்கு ஒண்ணும் செய்ய வேணாம்மா. அப்பப்ப இப்படி வச்சுப் பாருங்க. என்னைக்குப் படியலையோ, அன்னைக்கே வந்துருங்க. விரல் ரொம்ப மடங்குன பிறகு வந்தா முழுசா நிமிர்த்துறது கஷ்டம்" என்றார். எண்ணெய் தேய்த்தால் இளகுமா என்று கேட்டேன். இளகாது என்றார். "குடும்பத்துல யாருக்காச்சும் இருந்துச்சா?"

"அப்பாவுக்கு."

"என்ன வைத்தியம் பாத்தாங்க?"



அப்பா ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டிக்குத் தனியார் பேருந்து ஓட்டினார். எதிரே வரும் ஓட்டுநருக்கு வலக்கையை விரித்து உயர்த்துவது அவர்களுக்குள் ஒரு மரியாதை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது, உயர்த்திய அந்தக் கையில் மோதிரவிரல் மட்டும் தலைகுனியத் தொடங்கியது. "என்ன மாப்ள, எல்லாரும் கும்பிடு போட்டா நீ கொக்கி போடுற?" என்று எதிர்வண்டிக்காரர் கத்தினார். எங்கள் வண்டி முழுவதும் சிரித்தது, அப்பாவும் சிரித்தார். அதன்பிறகு அவர் கையை உயர்த்தவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

முகம் கழுவினால் அந்த விரல் கண்ணில் குத்தியது. சட்டைப்பைக்குள் கை நுழைய மறுத்தது. ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது மட்டும், அந்த வளையத்துக்கென்றே அளவெடுத்து வளைத்ததுபோல் அழகாகப் பொருந்தியது. அதைச் சொல்லியே அப்பா நாள்களைக் கடத்தினார். அம்மா விடவில்லை. "டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் வீட்டுப்படி ஏறணும்" என்று சொல்லி, சாட்சிக்கு என்னையும் உடன் அனுப்பினார்.

அந்த மருத்துவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக் கை கழுவிக்கொண்டே, என்ன தொந்தரவு என்று கேட்டார். விரல் கொஞ்சம் மடங்குவதாக அப்பா சொன்னார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"டிரைவருங்க."

"உள்ளங்கைச் சவ்வு தடிச்சுச் சுருங்கும். கை மேசையில படிஞ்சா பயமில்ல. படியலேன்னா ஆபரேஷன்தான். அப்புறம் ரெண்டு மூணு மாசம் ஸ்டியரிங்கத் தொடக்கூடாது. எங்க, கைய வைங்க பாப்போம்."

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டு, வலக்கையை அதற்குள் சுருட்டிக்கொண்டார். மேசைமேல் இடக்கையை வைத்தார். அது இலைபோலப் படிந்தது. மருத்துவர் திரும்பி வந்து அதை அழுத்திப் பார்த்தார்.

"அருமையா இருக்கேண்ணே! கியர் போட்டுப் போட்டு இறுகியிருக்கும். இதுக்கா பயந்தீங்க?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு படித்த மனிதரை என் அப்பா ஒரு துண்டால் ஏமாற்றிவிட்டார். வெளியே வந்ததும் எனக்குப் பருத்திப்பால் வாங்கித் தந்து, "டாக்டரு சொன்னத மட்டும் அம்மாகிட்டச் சொல்லு ஆத்தா" என்றார். அவர் குடிக்கவில்லை.

வில்லாபுரத்து வீட்டில் அம்மா அடுப்படியில் நின்றபடியே, "என்னடி சொன்னாரு?" என்றார். கையில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா கண்ணை மூடிச் சொக்கநாதரைக் கும்பிட்டார். இவ்வளவு மகிழ்பவர் முழுக்கதையையும் கேட்டால் இன்னும் மகிழ்வாரே என்று எண்ணி, துண்டை மடியில் போட்டு, இடக்கையை நீட்டி, எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன்.

அம்மா சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அப்பாவின் வலக்கையைப் பற்றி, உட்காரும் மணையின்மேல் கவிழ்த்து மெல்ல அழுத்தினார். படியவில்லை. வண்டிச் சக்கரத்தின்கீழ் வைக்கும் எலுமிச்சம்பழம் ஒன்று அந்த இடைவெளியில் நுழைந்திருக்கும்.

"இறங்குனா வேற ஆளைப் போட்டுருவாங்க. மறுபடி ஏத்த மாட்டாங்க" என்றார் அப்பா.

அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது" என்றார்.

அதன்பின் மருத்துவமனை என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. மாலைதோறும் அம்மா விளக்கெண்ணெய் காய்ச்சி அந்தக் கையில் தேய்த்தார். அவர் பாட்டுக்குத் தேய்த்தார். விரல் அதன் பாட்டுக்கு மடங்கியது. சில ஆண்டுகளில் அது உள்ளங்கையைத் தொட்டது. சிறுவிரலும் கூடச் சேர்ந்தது. அப்பாவை வண்டியிலிருந்து இறக்கியதும் கடைசியில் அந்தக் கைதான். கோயிலில் அவர் கைகூப்பினால் நடுவே ஒரு சிறு இருள் தெரியும்.

இவையெல்லாம் பின்னால் வந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவ்வளவு நல்ல வேடிக்கையை நடித்துக் காட்டியும் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கோபத்தில் நான் சோற்றைத் தொடவில்லை. அம்மாவும் தொடவில்லை. என் நடிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.