சின்னக்கண்ணு ஓகேவா?

வெயிலில் கிடந்த சாரக் குழாயைப் பிடித்தால் கையுறை உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்ளும். உரிக்கும்போது ரப்பர் கருகிய வாசம் வரும்... கத்தாரின் ராஸ் லஃபான் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது அந்த வாசம்தான்.

நேற்று குரூப்பில் சர்நேம் பற்றி ஜாலியாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம். அங்கே ஒரு சைட்டில் சாரம் கட்டும் வேலை எனக்கு. என் பேர் செல்வராஜ். ஆனால் அந்த சைட்டில் அப்படி ஒரு ஆளே கிடையாது!

பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த ஏஜென்ட் சர்நேம் என்ற கட்டத்தைப் பார்த்து முழித்திருக்கிறார். "காலியா விட்டா திருப்பி அனுப்பிருவான் தம்பி, அதான் அப்பா பேரப் போட்டுட்டேன்" என்றார். நம்மிடம் ஏது சர்நேம்? கம்பெனியில் அந்தக் கடைசிப் பேரை மட்டும் கேட் பாஸில் கொட்டை எழுத்தில் அடித்துக் கொடுத்தார்கள். சின்னக்கண்ணு.

எங்கள் வீட்டில் அம்மா அந்தப் பேரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னை முன்னால் தள்ளிவிடும். ஊரில் எவனாவது அப்பா பேரைச் சொல்லித் திட்டினால் சட்டையைப் பிடித்திருப்பேன். இங்கே ஃபோர்மேன் காலை ஆறு மணிக்கே ஆரம்பிப்பான்... "ஏ சின்னக்கண்ணு, கதா! ஜல்தி!" கதா என்றால் கழுதை.

போனில் அப்பாவிடம் இதைச் சொன்னேன், அழாத குறையாக. அவர் சிரித்தார்.

"அட விடுறா. திட்டு எனக்கு, சம்பளம் ஒனக்கு."

அந்தப் பேரை அங்கே மரியாதையாகச் சொன்ன ஒரே ஆள் கார்ட்டர். அமெரிக்காக்காரர், சேஃப்டி ஆபீசர், அறுபது வயசு இருக்கும். ஒரு நாள் டீ பிரேக்கில் பர்ஸிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்துக் காட்டினார். தொப்பியும் மட்டையுமாக ஒருவர் நிற்கிறார். நூறு வருஷத்துக்கு முந்தைய பேஸ்பால் ஆட்டக்காரராம். உங்கள் தாத்தாவா என்று கேட்டேன். இல்லையாம், சொந்தமே இல்லையாம். சர்நேம் மட்டும் ஒன்று. அந்த ஒரு காரணத்துக்காக அவர் அப்பா வாங்கி வைத்த படத்தை இவர் பாலைவனம் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

கார்ட்டர் என்றால் வண்டிக்காரன் என்று அர்த்தமாம். எந்தக் காலத்திலோ எந்தத் தாத்தனோ வண்டி ஓட்டியதில் ஒட்டிக்கொண்ட பேர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மை ஃபாதர் ஆல்சோ கார்ட், சார். டூ புல்" என்றேன். அப்பா ஓட்டியது ரெட்டை மாட்டு வண்டி. மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படியானால் நீயும் கார்ட்டர்தான் சின்னக்கண்ணு என்று தோளில் தட்டினார்.

சார், அது என் பேர் இல்லை, அப்பா பேர்... இதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வந்திருக்கும். சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து அப்பா பேர் வருவதைக் கேட்க நன்றாக இருந்தது. அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம்.

அடுத்த சித்திரையில் அப்பா போய்விட்டார். காலையில் மாட்டை அவிழ்க்கப் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டார்.

கேஸ் இருக்கும் இடம் என்பதால் சைட்டுக்குள் மொபைல் கொண்டுபோகக் கூடாது. ஊரிலிருந்து என் தம்பி கேம்ப் ஆபீஸ் நம்பருக்குப் போட்டிருக்கிறான். பத்தாவது படித்த இங்கிலீஷ். "சின்னக்கண்ணு எக்ஸ்பயர்டு. டெல் செல்வராஜ்."

கிளார்க் ரிஜிஸ்டரைப் புரட்டினார். செல்வராஜ் என்று யாரும் இல்லை. சின்னக்கண்ணு இருக்கிறான். சைட்டில் ஆள் செத்தது வீட்டுக்காரர்களுக்கே தெரிந்துவிட்டது, நமக்குத் தெரியவில்லையே என்று பதறிப்போய் வயர்லெஸ்ஸில் சேஃப்டிக்குச் சொல்லிவிட்டார்.

கார்ட்டர் அந்த வெயிலில், அந்த வயசில், நாலு அடுக்கு சாரம் ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. என் கழுத்தில் தொங்கிய கேட் பாஸைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"சின்னக்கண்ணு ஓகே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெயிலில் யாரும் மயங்கி விழுந்தார்களா என்று பார்க்க வந்திருப்பார் என நினைத்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கினேன்.

"சின்னக்கண்ணு வெரி குட், சார்!"

அந்த நேரத்தில் அப்பாவை வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

கார்ட்டர் நிம்மதியாக இறங்கிப் போனார். கிளார்க் தம்பிக்குத் திருப்பிப் போன் செய்தார். "சின்னக்கண்ணு ஓகே. டூட்டி. நோ ப்ராப்ளம்." யாரோ தெரியாமல் போன் செய்துவிட்டார்கள், கலாஸ், அவரைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் ரூமுக்கு வந்து மொபைலை எடுத்தால் பதினாலு மிஸ்டு கால்.

"ஐஸ் பொட்டிக்குச் சொல்லி வச்சிருந்தோம்ணே. ஒனக்குச் சேதி சொல்லியாச்சு, டூட்டியில இருக்க, வர முடியாது, ஆக வேண்டியதப் பாருங்கன்னு சொல்றாங்கன்னு நெனச்சோம். மூணு மணிக்கு எடுத்துட்டோம்." தம்பி சொன்னான். "நீ ஒரு வார்த்த பேசியிருக்கலாம்ணே."

நான்தான் மூத்தவன். கொள்ளி வைக்க வேண்டியவன்.

விஷயம் தெரிந்து மறுநாள் கார்ட்டர் வந்தார். சாரி, சாரி என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு என்ன கோபம்? அவர் சரியாகத்தான் கேட்டார். பதில் சொன்னது நான்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் அடுத்த நிமிஷம் வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. வீடியோ காலில் முகம் பார்த்துவிடுகிறார்கள். இனி அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய...

போன மாசம் மகன் வேலைக்காகச் சவுதியில் உள்ள தம்மாம் போனான். நேற்று முன்தினம் பேசும்போது, "அப்பா, இங்க எல்லாரும் என்னைய செல்வராஜ்னுதான் கூப்புடுறாங்க" என்று சிரித்தான்.

நான் அவனிடம் சொன்னேன்:

"யாராச்சும் வந்து செல்வராஜ் ஓகேவான்னு கேட்டா, சட்டுனு பதில் சொல்லிராத. எந்த செல்வராஜுன்னு கேளு."

"ஏம்ப்பா?"

சும்மாதான் என்றேன்.