காரில் இருந்து சுடுவதற்கு ஓர் அனுமதி

ஜெர்மனியில் காருக்குள் இருந்துகொண்டு காட்டு மிருகத்தைச் சுடக்கூடாது என்பது சட்டம். அதே சட்டத்தில், உடல் ஊனமுற்றவர் உரிய அலுவலகத்தில் அனுமதி எடுத்தால் சுடலாம் என்று ஒரு அரை வரியும் இருக்கிறது. அந்த அரை வரிக்கு ஆசைப்பட்டுத்தான் கையில் இருந்ததையும் தொலைத்தேன்.

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போரில் போனது என்று நினைத்து இரக்கப்பட வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் சமையலறை அலுமாரி செய்கிற தொழிற்சாலை ஒன்றில், பின்பக்கமாக வந்த, பாரம் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஒன்றின் கீழே போனது. ஷெல்லுக்கும் ஹெலிகொப்டருக்கும் தப்பி, கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அகதி முகாம்களில் படுத்தெழும்பி வந்தவனுக்கு, கடைசியில் ஒரு அலுமாரிக் கதவு அடுக்கிய வண்டி. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு முகம் விழுந்துவிடும். கொஞ்சம் பெரிய காரணமாக எதிர்பார்க்கிறார்கள் போலும்.

கால் போனபிறகு நடக்கப் பழக்குகிற மருத்துவமனையில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு ஜெர்மன் விவசாயி இருந்தார். இடுப்பு எலும்பு மாற்றியவர். தன் ஊர்க் காட்டில் வேட்டையாடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். வன்னிக் காட்டில் நானும் பன்றி சுட்டிருக்கிறேன் என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னேன். அந்த மனிதர் அதற்குப் பிறகு காலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்ன துவக்கு, எத்தனை முழத் தூரம், காற்று எந்தப் பக்கம், இதுதான் பேச்சு. நான் வீட்டுக்குத் திரும்பிய முதல் இலையுதிர் காலத்திலேயே வந்து என்னை வேட்டைக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

ஊரில் வேட்டைக்குப் போக ஒரு டோர்ச்சும் கொஞ்சம் துணிச்சலும் போதும். இங்கே பரீட்சை எழுதவேண்டும். ஒரு வருடம் மாலை வகுப்புக்குப் போய், மானின் பல்லைப் பார்த்து வயது சொல்லவும், ஈரலைப் பார்த்து நோய் சொல்லவும் படித்தேன். வாய்மொழிப் பரீட்சையில் ஒருமுறை கோட்டை விட்டேன். இரண்டாம் முறை தேறினேன். யாக்ட்ஷைன் என்கிற அந்த வேட்டைப் பத்திரம் கைக்கு வந்த அன்று, ஜெர்மன் பிரஜாவுரிமை வந்த நாளைவிடச் சந்தோசப்பட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்பீர்கள். தொழிற்சாலையில் என்னை ஒரு கதிரையில் இருத்தி ஆணிப்பெட்டிகளை எண்ண விட்டிருந்தார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், "பாவம்" என்ற சொல் எனக்கு முன்னால் நடந்து போகும். மரத்தில் கட்டிய பரணில் மட்டும், ஆடாமல் அசையாமல் இருப்பது ஒரு திறமை. இரண்டு காலும் உள்ளவன் அங்கே நெளிவான். நான் மூன்று மணி நேரம் கல்லுமாதிரி இருப்பேன். அந்தப் பரணில் நான் பாவம் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

பன்றி விழுந்த வாரங்களில் எங்கள் சனம் வீட்டுக்கு வரும். "நொண்டியின்ரை பன்றி நல்ல ருசி" என்று பகிடி விட்டுக்கொண்டே சட்டியை வழிப்பார்கள். எனக்கு அந்தப் பகிடி பிடிக்கும். பகிடி விடுகிறவன் இரக்கப்படுவதில்லை.

பத்திரம் எடுத்த ஆறாவது வருடம் பொய்க்கால் பொருந்துகிற இடத்தில் புண் வந்தது. ஆறும், பிறகு வெடிக்கும். பரணின் ஏணியில் ஏற ஏலவில்லை. உழுத வயலில் நடந்து தாழ்வான மறைவிடம் ஒன்றுக்குப் போவதற்குள் காலுறை புண்நீரில் நனைந்துவிடும். விவசாயிதான் அந்த அரை வரியைக் காட்டினார். தன்னுடைய ஜீப்பைக் காட்டோரப் பாதையில் நிறுத்தலாம், நான் அதற்குள் இருந்தே சுடலாம், தான் சம்மதக் கடிதம் தருகிறேன் என்றார். காலுக்கு ஒரு டொக்டர் கடிதம், பாதை காட்டுகிற ஒரு வரைபடம், நாலு வரியில் ஒரு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிக் கொடு, முடிந்தது என்றார்.

நாலு வரி. அதை எழுத எனக்குத் தெரியாதா? மான் பல்லைப் பற்றி ஜெர்மனில் பரீட்சை எழுதியவன்தானே. ஆனால் அலுவலகத்துக்கு எழுதுவது வேறு விசயம் என்று எங்கள் எலும்பில் ஊறிப்போயிருந்தது. நேரே அண்ணையிடம் போனேன்.

அண்ணை என்றால் எல்லோருக்கும் அண்ணை. எண்பதுகளில் முகாமில் எங்களுக்கு அகதிக் கேஸ் எழுதித் தந்தவர். அவர் எழுதிய கேஸ் தோற்றதாகச் சரித்திரம் இல்லை. பிறகு வீட்டு உதவிப் பணம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஊனமுற்றோர் அட்டை, எதற்கும் அவர்தான். அவருக்கு ஒரே ஒரு கொள்கை. "தம்பி, சுகமா இருக்கிறன் எண்டு எழுதினால் அவன் பைலை மூடிப்போடுவான். ஏலாது, ஏலாது, ஒண்டும் ஏலாது எண்டு எழுதவேணும். வாசிக்கிறவள் கண்ணைத் துடைக்கவேணும்." என் ஊனத்துக்கு அலுவலகம் முதலில் போட்ட வீதத்தைக் கூட்டித் தரவைத்ததும் இந்தக் கொள்கைதான். ஆகவே அதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்ற நியாயமில்லை.

ஒரு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. மூன்று பக்கம். கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடிக் குறி. அண்ணையின் கடிதத்தை வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைப்பது எங்களுக்குள் வழக்கமில்லை. வாசித்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். முதல் பக்கத்தில் கண்ணை ஓடவிட்டேன். கால், புண், ஏணி எல்லாம் ஒழுங்காக இருந்தன. கையெழுத்தைப் போட்டு அனுப்பினேன்.

அலுவலகத்தில் இருந்து டெர்மின் வந்தது, இன்ன நாள் இன்ன நேரம் நேரில் வரச்சொல்லி. நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு போனேன். வேட்டைப் பத்திரங்களுக்குப் பொறுப்பான அந்தப் பெண் எழுந்து வந்து கை கொடுத்தாள். கதிரையை இழுத்துத் தந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். ஜெர்மன் அலுவலகத்தில் தண்ணீர் தந்தால் எழும்பி ஓடிவிடவேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

காலைப் பற்றி ஒரு பிரச்சினையும் இல்லை என்றாள். காரில் இருந்து சுடும் அனுமதி சின்ன விசயம், கால் மட்டும் என்றால் அன்றைக்கே தந்திருப்பாளாம். பிறகு கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை என் பக்கம் திருப்பி, இதெல்லாம் சரிதானா என்று கேட்டாள்.

வாசித்தேன். பெரிய சத்தம் கேட்டால் எனக்குக் கை நடுங்குகிறது. நித்திரையில் கத்திக்கொண்டு எழும்புகிறேன். காரைக் கராஜில் விட்டுவிட்டு மணிக்கணக்காக அதற்குள்ளேயே இருக்கிறேன். அந்த வண்டி காலுக்கு மேலால் போகாமல் நெஞ்சுக்கு மேலால் போயிருக்கலாம் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். என் மனைவி பயத்தினால் துவக்குப் பெட்டியைப் பூட்டித் திறப்பைத் தன்னிடம் வைத்திருக்கிறாள். இவ்வளவு துன்பப்படும் மனிதனுக்கு இந்தச் சிறிய அனுமதியைக் கருணையோடு வழங்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். கீழே என் கையெழுத்து.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். துவக்குப் பெட்டியின் திறப்பு, வேட்டைப் பத்திரம் இல்லாத ஒருவரிடம் இருக்கக்கூடாது, அது ஒன்று. இப்படி எழுதிய ஒருவரிடம் துவக்கை விட்டுவைக்கத் தன்னால் ஏலாது, அது இரண்டு. மனநல நிபுணரின் சான்றிதழ் கொண்டுவரலாம். திறப்பைப் பற்றிய வரி உண்மை இல்லை என்றால் மனைவி எழுதிக் கையெழுத்து வைத்துத் தரலாம். இல்லாவிட்டால் பத்திரம் ரத்து. துவக்கை உரிமை உள்ள ஒருவரிடம் ஒப்படைக்கவேண்டும். காரில் இருந்து சுடக் கேட்டுப் போனவன், சுடவே ஏலாதவனாக வெளியே வந்தேன். வரைபடம் கையில் சுருட்டியபடியே இருந்தது.

அங்கிருந்து நேரே அண்ணை வீட்டுக்குப் போய்க் கத்தினேன். வாழ்நாளில் அவரோடு குரல் உயர்த்தியது அதுதான் முதல்முறை.

"ஏன் அண்ணை உப்பிடிப் பொய்யளை அடுக்கி வைச்சனீங்கள்? துவக்குக்காரனுக்கு உப்பிடியே எழுதுறது?"

அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நான் ஒரு சொல்லும் கூட்டி எழுதேல்லை. நீங்கள் வேலைக்குப் போன நேரம் வீட்டை போன் அடிச்சனான். எவ்வளவு கஷ்டப்படுறார், சொல்லுங்கோ எண்டு தங்கச்சியைக் கேட்டனான். அவ சொன்னதைத்தான் எழுதினனான். சொல்லேக்கை அவ அழுதவ." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "நானும் கனக்கப் பேரின்ரை கதையை எழுதினனான். இது நிசமா இருக்கும் எண்டு நினைக்கேல்லை" என்றார்.

வீட்டில் என் மனைவி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கடிதத்தின் பிரதியை மேசையில் போட்டேன். திறப்பு விசயம் எனக்குத் தெரிந்ததுதான். துவக்கு வாங்கிய முதல் மாதமே, "நீங்கள் எல்லாத்தையும் துலைச்சுப்போடுவியள், என்னட்டைத் தாங்கோ" என்று வாங்கி வைத்தாள். வேட்டைக்குப் போகும் நாட்களில் எடுத்துத் தருவாள். என் மறதிக்குச் செய்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சட்டத்துக்கு அது பிழை என்பது பரீட்சை எழுதிய எனக்குத் தெரியும். மனைவிதானே என்று விட்டுவிட்டேன்.

"பயமெண்டு எழுதியிருக்கு. நீர் எனக்குப் பயந்தனீரோ?"

கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "உங்களுக்கில்லை. நீங்கள் உங்களுக்கு என்ன செய்வியளோ எண்டு."

"எப்ப இருந்து?"

"நீங்கள் கராஜுக்கை காருக்குள்ளை இருக்கத் தொடங்கின நாளிலை இருந்து."

"அப்ப ஏன் என்னை வேட்டைக்கு விட்டனீர்?"

"போயிட்டு வந்தால் ரெண்டு நாளைக்குச் சாப்பிடுவியள். பேசுவியள். அதுக்குத்தான் விட்டனான். நீங்கள் காட்டுக்கை நிக்கிற நேரமெல்லாம் நான் செபமாலையோடை இருப்பன். அந்தக் கார் அனுமதி கிடைச்சால் அந்த விவசாயியும் பக்கத்திலை இருப்பார், தனியப் பரணிலை இருக்கமாட்டியள் எண்டு நினைச்சுத்தான் அண்ணைக்கு எல்லாத்தையும் சொன்னனான். எவ்வளவு கூடச் சொல்லுறனோ அவ்வளவுக்குத் தருவாங்கள் எண்டு நினைச்சன்."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. கையும் களவுமாகப் பிடிபட்டவனின் கோபம் அது. நான் பரணில் கல்லுமாதிரி இருந்ததைப் பற்றி எனக்கு இருந்த பெருமை முழுவதும், பீலெஃபெல்டில் ஒரு சமையலறையில் ஒருத்தி செபமாலை உருட்டியதன் மேல் நின்றிருக்கிறது. அதை நான் மட்டும் அறியவில்லை.

ஆனாலும் துவக்கை விட மனம் வரவில்லை. அடுத்தநாள் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுபோய் அவளுக்கு முன்னால் வைத்தேன். திறப்பு ஒருநாளும் என்னிடம் இருந்ததில்லை, என் கணவருக்கு அப்படி ஒரு வருத்தமும் இல்லை, நான் விளங்காமல் சொன்னது என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தாரும் என்றேன். மனநல டொக்டரை நான் சமாளித்துக்கொள்வேன் என்றேன்.

அவள் மறுக்கவில்லை. பேனையை எடுத்தாள். "சொல்லுங்கோ, எழுதுறன். எத்தினை பொய் எழுதிக் குடுத்து இந்த நாட்டிலை இருக்கிறம், இதையும் எழுதுறன். ஆனால் ஒண்டு. துவக்கு திரும்பி வந்தால் திறப்பு என்னட்டைத்தான் இருக்கும்."

நான் அவள் கையில் இருந்த பேனையை வாங்கி வைத்துவிட்டேன். பெரிய மனசினால் இல்லை. அவளிடம் ஒவ்வொரு முறையும் திறப்புக் கேட்டு வாங்கும்போது அவள் என் முகத்தில் எதைத் தேடுகிறாள் என்று தெரிந்த பிறகு, அதை வாங்க எனக்குக் கை வராது.

விவசாயி ஒரு சனிக்கிழமை காலை தன் பத்திரங்களோடு வந்து துவக்கைத் தன் பெயரில் எழுதி எடுத்துக்கொண்டார். ஜீப் உனக்காக எப்போதும் இருக்கிறது, சும்மா வந்து பக்கத்தில் இரு என்றார். நன்றி என்றேன். போகவில்லை. அடுத்தவன் சுடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தொழிற்சாலைக் கதிரையே போதும். அண்ணை இரண்டு முறை போன் எடுத்தார். நான் எடுக்கவில்லை. அதன்பிறகு அவருக்குக் கடிதம் எழுதவும் வராமல் போய்விட்டது என்று ஆட்கள் சொன்னார்கள். அதற்கும் என்னைத்தான் காரணம் சொன்னார்கள்.

அந்தச் சனிக்கிழமை, அவர் துவக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கியதும், அவள் டுசல்டோர்ஃபில் இருக்கிற தன் அக்காவுக்குப் போன் எடுத்தாள். "ஓம் அக்கா, கொண்டு போயிட்டார். ஓம், முடிஞ்சுது" என்றாள். பிறகு அக்கா என்ன சொன்னாவோ தெரியாது, வாய்விட்டுச் சிரித்தாள். கலியாணம் முடித்த புதிதில் கேட்ட சிரிப்பு. நான் பக்கத்து அறையில் பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தேன். அவள் அவ்வளவு காலமும் எவ்வளவு பயந்திருப்பாள் என்று அந்தச் சிரிப்பில் விளங்கியது. விளங்கியும், அதற்காக அவளை நான் இன்றைக்குவரை மன்னிக்கவில்லை.