திரேசா அக்கா அடக்கிய மூச்சு

திரேசா அக்கா மோசம் போய்விட்டார் என்று விடத்தல்தீவிலிருந்து அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "நித்திரையிலேயே போயிட்டா, மிஸ். தட்டி எழுப்பிப் பார்த்தனான், எழும்பேல்லை" என்றார். வடித்த கஞ்சி ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே நின்றேன்.

நம் கரையோர ஆஸ்பத்திரியில் அவருடன் வேலை செய்த உங்களுக்கு அக்கா படம் எடுக்கும் அந்த எக்ஸ்ரே அறை நினைவிருக்கும். பகலிலும் மங்கல். கடல் இரைச்சலும் இயந்திரத்தின் உறுமலும் கலந்து வர, வார்டிலிருந்து நோயாளியைக் கூட்டிப்போகும் தாதியான எனக்கே கண் சொருகும். அக்காவுக்குச் சொருகாது. "மூச்சை இழுத்து அடக்குங்கோ" என்று சொன்னதும் தானும் அடக்குவார். "நான் விட்டால் நீங்களும் விடலாம்." நீங்கள் ஏன் அடக்குகிறீர்கள் என்று கேட்டால், "அவையளிட்டை எவ்வளவு கேக்கிறன் எண்டு எனக்கும் தெரியவேணுமே" என்பார்.

ஒருநாள் தேத்தண்ணீர் குடிக்கையில், நெஞ்சுப் படத்துக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். சுவர் வயரில் வரும் கரண்ட் எக்ஸ்ரே குழாய்க்குக் காணாது. அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி, ஒரே பக்கமாக ஓடவிடும் பெட்டிக்குத்தான் ஜெனரேட்டர் என்று பெயர் என்றார். நானோ அதுவரை எண்ணெய் ஊற்றும் ஜெனரேட்டரைத்தான் நினைத்திருந்தேன்.

"எங்கட பெட்டி ஒற்றை ஃபேஸ். கரண்ட் அலை மாதிரி ஏறி, ஒண்டுமில்லாமல் இறங்கி, திரும்ப ஏறும். இறங்கிற நேரம் படத்துக்கு உதவாது. மூண்டு ஃபேஸ் பெட்டியில ஒரு அலை விழமுன்னம் மற்றது எழும்பிடும். இப்ப வாற ஹை ஃபிரீக்குவன்சிப் பெட்டியில கரண்ட் அவ்வளவு வேகமாத் துடிக்கும், அலையே தெரியாது. குளம் மாதிரிக் கிடக்கும். கண் மூடித் திறக்கமுன்னம் படம் முடிஞ்சிடும்." சொல்லிவிட்டு, அந்தப் புதுப் பெட்டி தோணியில் வரப்போவதுபோல யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது வந்து சேருமுன் ஒரு மத்தியானம், சங்கு குளிக்கப் போன என் கணவரை நெஞ்சைப் பிடித்தபடி கொண்டுவந்தார்கள். காற்றுச் சிலிண்டரோடு இறங்கியவர், ஆழத்திலிருந்து மூச்சை அடக்கியபடி அவசரமாக மேலே வந்திருக்கிறார். நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருக்கிறதா என்று படத்தில் பார்த்துத்தான், அதை வெளியேற்ற டொக்டர் நெஞ்சில் குழாய் போடவேண்டும். அன்று கரண்ட் தளர்ந்து, பல்பு மஞ்சளாக எரிந்தது. படத்துக்கான நேரத்தைக் கூட்டவேண்டியதாயிற்று.

"அசைஞ்சால் படம் கலங்கிடும், பிள்ளை. இன்னொருக்கா அடக்க இவரிட்டை மூச்சில்லை" என்று அக்கா என் காதோடு சொன்னார்.

கணவர் மூச்சை அடக்கினார். அக்காவும் அடக்கினார். பெட்டி உறுமி ஓய்ந்தது. பயத்தில் அக்கா மூச்சை விட மறந்துபோனார். கடலில் அடக்கிப் பழகிய மனிதரோ, அக்கா விடட்டும் என்று தடுப்புக் கண்ணாடி வழியே அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கணவரின் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த அறையில் எல்லாமே தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருந்தது.

"ஐயோ அக்கா, விடுங்கோ" என்று கத்தினேன். இரண்டு பேரும் ஒன்றாக விட்டார்கள்.

படம் துலக்கமாக விழுந்திருந்தது. குழாய் போட்டார்கள், பிழைத்துக்கொண்டார். பிறகு அக்காவை எங்கே கண்டாலும் "என்னைக் கொல்லப் பார்த்தவ வாறா" என்று பகிடி பண்ணுவார். அக்கா கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

அக்காவின் அடக்கம் முடிந்து வந்து, சாப்பிடாமலே பாயில் சரிந்த கணவர் உறங்கிப்போனார். பக்கத்தில் இருந்து பார்த்தேன். நெஞ்சு ஏறியது, இறங்கியது. திரேசா அக்காவின் நிழற்படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. இவர் விடுகிற மூச்சு இருக்கிறது.