விடுதிக்கு வந்த தந்தி

என் மாமனாருக்கு மூன்று வருடமாக மறதி. முதலில் கண்ணாடியை வைத்த இடம் மறந்தது. பிறகு வீட்டுக்கு வரும் தெரு மறந்தது. இப்போது நான் யாரென்றே தெரியாது. மருமகளாக வந்த நாளிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டவர், இன்று "இந்தாம்மா" என்கிறார்.

வயது எழுபத்தொன்பது. திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அறுபதுகளில் மதுரைக்குப் போய்க் கல்லூரியில் படித்தவர். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். நாங்கள் பாளையம்பட்டியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறோம். நான் பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. கடையில் தெரியாத ஆள் வந்தால்கூட, அவர் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அவருடைய விடுதி அறைத்தோழர் ஒருவர் பாலவனத்தத்தில் இருக்கிறார். அவர்தான் போன் செய்தார். "எங்க செட்டு ஆளுகல்லாம் காலேஜுல கூடுறோம்மா. பாதிப்பேரு போய்ச் சேந்துட்டாங்க, மீதிப்பேரு கிளம்பிக்கிட்டு இருக்கோம். அவனக் கூட்டிட்டு வந்துரு" என்றார். பழைய ஆட்களைப் பார்த்தால் நல்லது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கென்று தூத்துக்குடியில் லோடு. "நீயே கூட்டிட்டுப் போயிட்டு வா. பொழுது சாயுறதுக்குள்ள வீடு வந்து சேரு, அது போதும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அன்று முழுக்க என் நெஞ்சில் இருந்தது. பொழுது சாய்ந்தால் மாமாவுக்கு நிலை கொள்ளாது. ஒருமுறை அந்த நேரத்தில் கதவைத் திறந்து போய், பைபாஸ் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நின்றார். யாரோ புண்ணியவான் கையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார்.

கல்லூரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் மாமாவின் முதுகு நிமிர்ந்தது. என் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தார். கூடத்தில் இருபது பேர் இருக்கும். பாதிப் பேர் கையில் குச்சி. பாலவனத்தத்துக்காரர் எழுந்து வந்தார். மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, என் வாளிய எங்கலே வச்ச?"

கூடமே சிரித்தது. பாலவனத்தத்துக்காரர் சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். பெற்ற மகனைத் தெரியாத மனிதருக்கு வாளி நினைவிருந்தது.

பிறகு பேச்சுத் தொடங்கியது. நான் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். விடுதியில் அப்போதெல்லாம் தண்ணீர் முறை வைத்துத்தான் வருமாம். டவுன் பையன்கள் இரண்டு வாளி ஊற்றிக் குளிப்பார்களாம். மாமா அரை வாளியில் குளித்து, மிச்சத்தில் சட்டையையும் அலசிவிடுவாராம். "திருச்சுழிக்காரன் குளிச்சா தரை நனையாதுன்னு சொல்லுவோம்ல?" என்றார் ஒருவர். இன்னொருவர், அறை நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பேண்ட் இருந்ததையும், குரூப் போட்டோவில் அதை யார் போடுவது என்று சீட்டுப் போட்டதையும் சொன்னார். சீட்டில் ஜெயித்தவருக்கு அது இடுப்பில் நிற்காமல், போட்டோ எடுத்து முடியும்வரை அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றாராம்.

அதில் உயரமாக ஒருவர் இருந்தார். வார்டனைப் போலப் பேசிக் காட்டுவதில் அந்தக் காலத்திலேயே பேர் வாங்கியவராம். அவர்தான் தந்திக் கதையைச் சொன்னார். விடுதியில் லீவு கேட்டால் கிடைக்காது. ஊருக்குப் போகிற பையனிடம் சொல்லிவிட்டால், அவன் அங்கே தபாலாபீசில் இருந்து ஒரு தந்தி அடிப்பான். 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி.' தந்தி என்று வந்துவிட்டால் வார்டன் மறுபேச்சுப் பேசமாட்டார். தந்தி வந்தவன் அவர் முன்னால் அழ வேண்டும். கேட்டைத் தாண்டியதும் சிரிக்கலாம்.

"எங்க அம்மாவுக்கு மட்டும் மூணு வருஷத்துல ஏழு தடவ சீரியஸ்" என்றார் உயரமானவர். "கடைசித் தந்திக்கு வார்டனே, 'உங்க அம்மா கெட்டி ஆளுடா'ன்னாரு."

"இவன்தான் ஒரு தடவகூடத் தந்தி வரவழைக்கல" என்று மாமாவைக் காட்டினார் பாலவனத்தத்துக்காரர். "அம்மாவ வச்சு விளையாடக் கூடாதும்பான்."

மாமா புன்னகை செய்தார். உயரமானவர் எழுந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வார்டன் குரலில் அதட்டினார். "நாப்பத்தி மூணு!"

விடுதியில் மாமாவின் நம்பராம் அது. மாமா சட்டென்று எழுந்து நின்றார். "எஸ் சார்!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மூன்று வருடத்தில் ஒரு கேள்விக்கு அவர் சரியாகச் சொன்ன பதில் அது. மனசு நிறைந்து போனது. அப்போதே கிளம்பியிருக்க வேண்டும்.

சாப்பாடு முடிந்ததும் பழைய அறையைப் பார்க்க மாடிக்குப் போனோம். விடுமுறை என்பதால் விடுதியில் யாரும் இல்லை. வாட்ச்மேன் பூட்டைத் திறந்துவிட்டார். மாமா நேராகப் போய் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்தார். எல்லோரும் பார்த்து முடித்து வெளியே வந்தார்கள். அவர் மட்டும் வரவில்லை.

"போலாம் மாமா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

"இந்தாம்மா, இது ஆம்பளப் பயலுக விடுதி. நீ இங்க நிக்கக் கூடாது. வார்டன் பாத்தா எனக்குத்தான் கெட்ட பேரு. நாளைக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சை, எல்லாரும் போங்க."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. வராந்தாவுக்கு வந்து சுவரை ஒட்டி நின்றுகொண்டேன். பெரியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கெஞ்சினார்கள். "வாலே, டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார் பாலவனத்தத்துக்காரர்.

"நீ போயிக் குடி. போன பரீட்சையில கோட்டை விட்டவன் நீ. என்னையும் கெடுக்காத."

கையைப் பிடித்து இழுத்தால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். மூன்று மணி ஆகிவிட்டது. வாட்ச்மேன் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். "நான் இங்கருந்து என்ன செய்ய முடியும்? பெரியவுக சொல்றபடி செய்யி" என்றார் வீட்டுக்காரர்.

"ஒரே வழிதான் இருக்கு. தந்தி" என்றார் உயரமானவர்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பாலவனத்தத்துக்காரர் மட்டும், "வேண்டாம்டா, அவன் கிட்ட வேண்டாம்" என்றார். உயரமானவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தாயி. குடுத்துருவோமா?"

வராந்தாவில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பைபாஸ் ரோடு கண்ணில் நின்றது. வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். ஆனால் ஆட்டியது நான்தான்.

உயரமானவர் அன்றைய கூட்டத்துக்கு அடித்த அழைப்பிதழின் பின்பக்கத்தில் அந்த நாலு வார்த்தையை எழுதினார். அறை வாசலில் நின்று வார்டன் குரலில், "நாப்பத்தி மூணு! உனக்குத் தந்தி வந்திருக்கு" என்றார்.

மாமா எழுந்து வந்து வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார். மற்றவர்கள் எதற்கோ காத்திருந்தார்கள். பழைய ஞாபகத்தில், அவர் பொய்யழுகை அழுவார் என்று நினைத்தார்களோ என்னவோ. மாமா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"லீவு லெட்டர் எழுதணுமா சார்?" என்று கேட்டார்.

உயரமானவருக்குக் குரல் மாறிவிட்டது. "வேண்டாம்ப்பா. நீ போ" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா படியிறங்கிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. கேட்டில் பாலவனத்தத்துக்காரர் ஓடிவந்து, "ஏலே, சும்மா சொன்னான்லே, விளையாட்டுக்கு" என்றார்.

"எங்க அம்மாவுக்கு முடியலங்கேன், உனக்கு விளையாட்டா இருக்கோ?"

பஸ்ஸில் சீட்டு நுனியில் உட்கார்ந்து வந்தார். "கொஞ்சம் வெரசாப் போகச் சொல்லுங்க, அம்மாவுக்கு முடியல" என்று கண்டக்டரிடம் நாலு தடவை சொல்லியிருப்பார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் மறந்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எதுதான் அவருக்கு அரைமணி நேரம் தங்கியது?

ஆனால் அருப்புக்கோட்டையில் இறங்கியதும், பாளையம்பட்டி டவுன் பஸ்ஸுக்கு அவர் வரவில்லை. திருச்சுழி பஸ்ஸைத் தேடிப் போனார். அவருக்கு வீடு அங்கேதான் இருந்தது. நான் கையைப் பிடித்தேன். "மாமா, நம்ம வீடு பாளையம்பட்டியில."

"நீ யாரு தாயி? உனக்குப் புண்ணியமாப் போகும், கைய விடு."

பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவரை ஒரு பொம்பளை பிடித்து இழுக்கிறாள் என்றுதானே பார்ப்பார்கள்? இவர் என் மாமனார், இவருக்கு மறதி என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வரவில்லை. கையை விட்டுவிட்டு, அவர் பின்னாலேயே அந்த பஸ்ஸில் ஏறினேன்.

கிராமத்தில் அந்தப் பழைய வீடு இப்போது அவருடைய தம்பி மகனுக்கு. ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டுவிட்டார்கள். அதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த தம்பி மருமகள், முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். "வாங்க மாமா! என்ன திடீர்னு?"

"அம்மா எங்க?"

நான் இருபதடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவளுக்குச் சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"யாரு, அப்பத்தாவா? அவுக போயி எத்தன காலமாச்சு மாமா!"

மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் வாரதுக்குள்ள எடுத்துட்டீகளா? வாய்க்கரிசி போடக்கூட விடலயா?"

அவர் அழுததை நான் இங்கே எழுதப்போவதில்லை. தெருவே கூடிவிட்டது. நான் போன் போட, என் வீட்டுக்காரர் தூத்துக்குடியிலிருந்து வண்டியோடு வந்து கூட்டிக்கொண்டு போனார். வழியில் வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. மாமாவின் அம்மா இறந்தது, அவர் வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து. உயிர் போனது மாமாவின் மடியில்தானாம். முதல் வாய்க்கரிசி அவர் போட்டதுதான்.

கல்லூரியும் வாளியும் மறுநாளே மறந்துபோயின. இது மட்டும் மறக்கவில்லை. கடைக்குப் புண்ணாக்கு வாங்க வருகிறவர்களிடம், "எங்க அம்மா போயிட்டாக. மொகத்தப் பாக்க முடியல. பஸ்ஸு லேட்டு" என்கிறார். தெரியாதவர்கள், எப்போது என்று கேட்கிறார்கள். "நேத்து" என்கிறார். அவர்களும் முகத்தைத் தொங்கப்போட்டு இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்கிறார்கள். நான் மூட்டையைத் தள்ளி வைப்பதுபோலக் குனிந்துகொள்கிறேன்.

போன வாரம் பாலவனத்தத்துக்காரர் வீட்டுக்கு வந்தார். நான் நடந்ததைச் சொல்லியிருந்தேன். "நாங்க செஞ்ச தப்பு, நானே சொல்லித் தீத்துடுறேம்மா" என்று மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, நான் சொல்றதக் கேளு. அந்தத் தந்தி பொய். உங்க அம்மாவுக்கு அன்னைக்கு ஒண்ணும் ஆகல. நாங்களா எழுதினது."

மாமா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு பல மாதமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அவர் முகத்தில் வந்தது.

"அப்ப எங்க அம்மா இருக்காகளா?"

பாலவனத்தத்துக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமா அதற்குள் எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டத் தொடங்கியிருந்தார்.