மதாம் கேட்ட வண்டி

மதாமின் கைப்பைக்குள் ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூ இருந்தது. காரைக்காலில் ஓர் ஓட்டல் ஹாலில் எங்கள் கம்பெனி கூட்டிய கூட்டத்தில்தான் அதை முதலில் பார்த்தேன். கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தவர், என் கண் போன இடத்தைக் கவனித்துவிட்டு, "ஓட்டிப் பாக்க வண்டி குடுப்பாங்களோன்னு எடுத்தாந்தேம்மா. செருப்போட ஓட்டுனா பெடல் காலுக்குப் பிடிபடாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே வண்டியே கிடையாது. கேள்வி கேட்டு, காபி கொடுத்து, அனுப்பிவைக்கிற கூட்டம் அது.

அப்போது நான் சொகுசுக் கார் ஷோரூம் ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். ஷோரூம் இருந்தது புதுச்சேரியில். நான் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்துக்காரி என்பதால் காரைக்கால் வாடிக்கையாளர்கள் மொத்தப் பேரையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நீள மூக்கும் தாழ்ந்த கூரையுமாக, நிற்கும்போதே ஓடுவதுபோல் தெரிகிற ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்று எங்களிடம் உண்டு. அதை அடியோடு மாற்றிப் புதிதாகக் கொண்டுவரப் போகிறார்கள். இங்கே விற்கும் வண்டியில் எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்று பழைய வண்டிக்காரர்களிடம் கேட்க தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பையன்கள் டேப்லட்டும் கையுமாக வந்திருந்தார்கள்.

மதாம் என்று ஊரே கூப்பிடுகிற அவர் எங்கள் தெருவில்தான் இருந்தார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பிரான்சில் இருந்த காலத்தில் மதாமும் சும்மா இருக்கவில்லை. வயதானவர்களின் வீடு வீடாகப் போய்ப் பணிவிடை செய்கிற வேலை. ஒரு சின்னக் காரை அவரே ஓட்டிக்கொண்டு, பனி கொட்டினாலும் போய்விடுவாராம். ஊர் திரும்பியதும் கணவர் இந்தச் செடானை வாங்கினார். ஸ்டீயரிங் அவருடையது, பக்கத்து சீட் மதாமுடையது என்று ஆகிப்போனது. அவர் காலமான பிறகு ஒரு டிரைவர் வந்தார், மதாம் பின் சீட்டுக்குப் போனார். உலகம் எங்கேயோ முன்னால் போக, நம்ம ஊரில் மட்டும் ஒரு பெண்பிள்ளையை வரிசையாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போவார்கள், அதற்கு மரியாதை என்று பெயரும் வைப்பார்கள். எனக்கு இதில் வயிற்றெரிச்சல் உண்டு.

கூட்டத்தில் ஆளாளுக்கு ஆசைகளை அவிழ்த்துவிட்டார்கள். திருநள்ளாறு போகிற வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் அடி இடிக்கிறது, உயர்த்துங்கள் என்றார் டாக்டர் ஒருவர். உயர்த்தினால் லாரி மாதிரி ஆகிவிடும், தாழ்வாகவே இருக்கட்டும் என்று அவருடைய மகனே எழுந்து மறுத்தான். துபாயில் கடை வைத்திருந்த ஹாஜியார், பார்க்க ரேஸ் கார் மாதிரியும் பின்னால் உட்கார்ந்தால் கால் நீட்டிப் படுக்கிற மாதிரியும் வேண்டும் என்றார். இறால் பண்ணைக்காரர் வெள்ளை சீட் வேண்டவே வேண்டாம் என்றார். எத்தனையோ பேருக்கு விற்ற அனுபவத்தில் சொல்கிறேன், இந்த வண்டி வாங்குகிறவர்களின் ஆசை இதுதான்: தெருவில் நிற்பவனுக்கு இருபத்தைந்து வயதுக்காரனாகத் தெரிய வேண்டும், உள்ளே அறுபது வயதுக்காரனாகச் சாய்ந்து உட்கார வேண்டும். பாவம், எந்த என்ஜினியர் என்ன செய்வான்.

மதாமின் முறை வந்தது. பையன்களில் ஒருவன் மிகவும் பணிவாக, சார் இருந்திருந்தால் புது வண்டியில் என்ன எதிர்பார்த்திருப்பார் என்று கேட்டான்.  மதாம் அவனை அன்பாகத்தான் பார்த்தார்.

"அவரு இப்ப எதையும் எதிர்பாக்கல தம்பி. நான்தான் எதிர்பாக்குறேன்."

பிறகு சொன்னார். ஏசியைக் கூட்டக் குறைக்கத் திரையைத் தடவிக்கொண்டிருக்க முடியாது, கண் ரோட்டில் இருக்கும்போதே கை போய்த் திருகுகிற மாதிரி குமிழ் வேண்டும். சீட்டை உயர்த்தினால் வண்டி மூக்கின் நுனி தெரிய வேண்டும். கடைசியாக, இது வண்டிக்குச் சொல்வதில்லை, உங்களுக்குச் சொல்வது என்று என் பக்கம் திரும்பினார். ஷோரூமுக்கு எப்போது வந்தாலும் ஓடிவந்து பின்கதவைத் திறக்கிறீர்கள், ஒருநாளாவது டிரைவர் கதவைத் திறங்கள் என்றார். டாக்டர் கைதட்டினார், ஹாஜியாரும் தட்டினார். எனக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனால் மனசுக்குள் நானும்தான் தட்டினேன்.

புது வண்டி மறுவருடம் வந்தது. கதவுக்குக் கதவு நீண்ட திரை, அதற்குக் கீழே ஏசிக்கு இரண்டு திருகுகுமிழ்கள். அது மதாமால் வந்தது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். கம்பெனி ஒத்துக்கொள்ளாது, நான் சொல்வதையும் நிறுத்தமாட்டேன். ஓட்டிப் பார்க்கும் வண்டியைத் தருமபுரத்துக்கே கொண்டுபோனோம். அந்த நேரம் பார்த்து மதாமின் மகன் பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்தார். அவருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. அம்மாவுக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார், உயரமான வண்டியாக எடுத்து டிரைவர் போட்டுக்கொள்ளட்டும் என்று எனக்கே போன் செய்திருந்தார். கணவர் போன மறுவருடமே அம்மா இங்கே லைசென்ஸ் எடுத்துவிட்ட விஷயம் அன்று காலையில்தான் அவருக்குத் தெரியும். இன்றைக்கு ஓட்டிக் காட்டாவிட்டால் இனி ஆயுசுக்கும் பின் சீட்டுதான் என்று மதாம் என் காதில் சொன்னார். 

மதாம் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டினார். நேராக வண்டிக்குப் போனார். நான் வலது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்க, அவர் இடது பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டார். பிரான்சில் ஸ்டீயரிங் இடது பக்கம். அத்தனை வருடப் பழக்கம், பதற்றத்தில் கால் தானாக அங்கே போய்விட்டது. மகன் சிரித்தார். "ஸ்டீயரிங் எந்தப் பக்கம்னே தெரியலயேம்மா. ஒனக்கு எதுக்கு இந்த வேல?" என்றார். மதாம் முகம் சுண்டிப்போய் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

சரி, முதலில் நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்று கூட வந்திருந்த எங்கள் மேனேஜர் ஏறிக்கொண்டார். உள்ளூர்க் கார் ஷோரூமில் இருந்து புதிதாக எங்களிடம் சேர்ந்தவர், பேச்சில் புலி. நானும் மகனும் பின்னால். முதல் திருப்பத்தில் மேனேஜர் ஸ்டைலாக இண்டிகேட்டர் போட்டார். மண்டை பிளக்கிற வெயிலில் வைப்பர் இரண்டும் கண்ணாடியை வறட்டு வறட்டென்று தேய்த்தன. நம்மூர் வண்டிகளில் இண்டிகேட்டர் வலக்கையில், இந்த வெளிநாட்டு வண்டியில் இடக்கையில்; வலக்கையில் இருப்பது வைப்பர். அடுத்த திருப்பத்திலும் அதே வைப்பர். மதாமின் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டே சிரித்தார். கை பழகின இடத்துக்குத்தானே போகும், பரவாயில்லை என்று மேனேஜருக்கு ஆறுதல் வேறு சொன்னார். அதைச் சொன்னதில் அவருக்கே ஆறுதல் கிடைத்துவிட்டது போல, காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் வண்டி நின்றதும் இறங்கிச் சுற்றிவந்து, சரியான கதவைத் தானே திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

இடக்கை இண்டிகேட்டரை வீட்டு ஸ்விட்ச் போலத் தட்டியது. கடற்கரையிலிருந்து திரும்புகிற சந்தில் ஒரு பக்கம் வலைக் குவியல், மறுபக்கம் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள், எதிரே மீன் ஏலத்துக்கு ஐஸ் ஏற்றிவந்த லாரி. லாரி பின்வாங்க வழியில்லை, நாங்கள்தான் பின்னால் போக வேண்டும். புத்தம் புது வண்டி, நீள மூக்கு. மேனேஜர் நான் எடுக்கிறேன் என்றார். அம்மா இறங்கு என்றார் மகன்.

"நீ தலையக் கொஞ்சம் குனி. பின்னால தெரியல."

அவ்வளவுதான் சொன்னார் மதாம். திரையில் கேமரா படம் வந்தது. அவர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. இடது கையைப் பக்கத்து சீட்டின் தோளில் போட்டு, கழுத்தைத் திருப்பி, ஒரே சீராகப் பின்னால் விட்டார். ஏலத்துக்கு வந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓரம் பார்த்துச் சொன்னார்கள். "வாங்கம்மா வாங்க, ஒடிச்சு வாங்க, இன்னும் வாங்க" என்று ஒருத்தி பின்னால் நின்று கையாட்டினாள். ஒரு வலைக்கயிறுகூட உரசவில்லை. லாரி டிரைவர் கடக்கும்போது சலாம் வைத்தார். அந்தப் பெண் எட்டிப் பார்த்து, பொம்பளயா ஓட்டுது என்று மற்றவர்களிடம் கத்தினாள். அவள் குரலில் கேலி இல்லை, தன் வீட்டுப் பெண்ணைச் சொல்கிற பெருமைதான் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, விற்பனைக்காரி என்பதே மறந்துபோனது.

புறவழிச்சாலைக்கு வந்ததும் மதாம் ஸ்போர்ட் மோடைத் தட்டினார். என்ஜின் ஒருமுறை உறுமியது. அந்த வண்டியில் நான் எத்தனையோ பேரோடு போயிருக்கிறேன்; பெரும்பாலோர் வேகம் ஏறியதும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மதாம் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. வீடு வந்து நிறுத்தியதும் யாரும் இறங்கவில்லை. மகன்தான் பேசினார்.

"என்ன கலரும்மா எடுக்கலாம்?"

"செவப்பு" என்றார் மதாம். அந்த ஒரு சொல்லைப் பல நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தவர் மாதிரி சொன்னார்.

நான் இப்போது அந்த ஷோரூமில் இல்லை. கார் வாங்குகிறவர்கள் எதிர்பார்ப்பது குதிரைத்திறன், சன்ரூஃப், பாட்டுப் பெட்டி என்று இன்றைக்கும் எங்கள் தொழிலில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேசட்டும். போன மாதம் மதாமின் மகன் மறுபடி லீவில் வந்தார். திருச்சி விமான நிலையத்துக்கு அழைத்துவரப் போனது சிவப்பு வண்டி, உடன் டிரைவர் கிடையாது. தெருவில் என்னைப் பார்த்தபோது அவரே இதைச் சொல்லிச் சிரித்தார். பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு, நீ களைத்திருப்பாய், நான் ஓட்டுகிறேனே என்று சாவிக்காகக் கையை நீட்டினாராம். மதாம் அந்தக் கையில் தண்ணீர் பாட்டிலை வைத்தாராம்.

"ஒக்காந்து ஊரப் பாத்துக்கிட்டு வாப்பா. ஓட்டுறவங்களுக்கு அதெல்லாம் பாக்க முடியாது."