பன்னிரண்டு பச்சை டிக்கும் ஒரு வேன் ஆயாம்மாவும்

வேன் வந்துவிட்டதா என்று கேட்டால் ‘தெரியாது’ என்றும் ஒரு பதில் வரலாம் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? இரண்டு மாதமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் கவனமில்லாதவள் அல்ல. மகளின் தண்ணீர் பாட்டில் மூடியை மூன்று முறை திருகிப் பார்த்து அனுப்புகிறவள்.

திருப்பனந்தாள் பக்கத்துக் கிராமத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். எங்களுடையது சின்ன மென்பொருள் நிறுவனம். பள்ளி வேன்களுக்கு ஆப் செய்து கொடுக்கிறோம். பிள்ளை இறங்கியதும் அம்மாவின் போனுக்குச் செய்தி போக வேண்டும். அதை அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் மெத்தட், அதாவது நிரலின் ஒரு துண்டு, நான் எழுதியது. அது தானாக எதையும் அறியாது, மற்ற மெத்தட்களைக் கூப்பிட்டுக் கேட்கும். வேன் நிறுத்தத்துக்கு வந்துவிட்டதா என்று ஒன்றிடம். வேனில் வரும் ஆயாம்மா ‘இறங்கியாச்சு’ பொத்தானை அமுக்கினாரா என்று இன்னொன்றிடம். இரண்டில் ஒன்று நடந்திருந்தாலும், செய்தி அனுப்பும் மெத்தட்டைக் கூப்பிடும். ஆயாம்மா பிள்ளையைப் பிடிப்பாரா, போனைப் பார்ப்பாரா என்று அப்படி வைத்திருந்தோம்.

இந்த மாதிரி மெத்தட்டைத் தனியாகச் சோதிக்க, அது கூப்பிடும் மற்ற மெத்தட்களின் இடத்தில் மாக் வைப்போம். மாக் என்பது ஒரு போலி. நாம் சொல்லிக்கொடுத்த பதிலைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். நிஜ வேன் ஓட வேண்டாம், சிக்னல் வேண்டாம். முறையில் தப்பில்லை, இன்றும் அப்படித்தான் சோதிக்கிறேன். மாக்குக்கு ‘வந்துவிட்டது’ என்று சொல்லிக்கொடுத்தேன், செய்தி போனது. ‘வரவில்லை’ என்று சொல்லிக்கொடுத்தேன், போகவில்லை. பொத்தானையும் சேர்த்து மாற்றி மாற்றிப் பன்னிரண்டு டெஸ்ட். பன்னிரண்டும் பச்சை டிக், அதாவது பாஸ். எங்கள் வேலையை மேற்பார்க்கும் லீட், அலுவலகக் குழுவில் எல்லோருக்கும் அதை அனுப்பி, இப்படித்தான் டெஸ்ட் எழுதணும் என்று பாராட்டினார். அந்தச் செய்தியை நான் கணவருக்கு வேறு அனுப்பினேன்.

மகளின் பள்ளி வேனிலும் எங்கள் ஆப்தான். தை கடைசியில் ஒரு நாள் மாலை நான்கு பத்துக்கு என் போனுக்கே அந்தச் செய்தி வந்தது. ‘உங்கள் குழந்தை பத்திரமாக இறக்கிவிடப்பட்டார்.’ மடிக்கணினியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். தெருவில் ஒருவரும் இல்லை. மகளுக்கு நான்கு வயது. பக்கத்து வீட்டில் கேட்டேன், மாட்டுக் கொட்டகையில் பார்த்தேன். ஆயாம்மாவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. செருப்பு இல்லாமல் மதகு வரை ஓடி வாய்க்கால் தண்ணீரை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கலங்கலாக இருந்தது. அந்தக் கலங்கல் நிறம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இருபது நிமிடம் கழித்து வேன் வந்தது, வழக்கமான ரோட்டில் அல்ல, வாய்க்கால் கரை மண் பாதையில். சம்பா அறுவடை முடிந்து தார் ரோடு முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். அதனால் டிரைவர் கரை வழியாகச் சுற்றிவந்திருக்கிறார். அங்கே எந்த போனுக்கும் சிக்னல் கிடையாது. இதே ஊரில் பிறந்தவள் நான். அறுத்த நெல் ரோட்டுக்கு வரும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆயாம்மா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். நாற்பது வயதிருக்கும், எங்கள் ஊர்க் கீழத்தெருக்காரர். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு நான் கத்தினேன்.

“புள்ள வேன்ல இருக்கறப்பவே இறங்கியாச்சுன்னு அமுக்குவீங்களா?”

“நான் போனையே தொடலீங்கம்மா. பாப்பா அசந்து தூங்கிடுச்சு. கரையில வண்டி குலுங்குதேன்னு மடியில வச்சு ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தேன்.”

“அப்ப போன் தானா அமுக்கிக்கிச்சா?”

அவர் பாப்பாவின் பையை என்னிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறினார். பிள்ளை இறங்கும் முன்பே ஆயாம்மா அமுக்கிவிட்டார் என்று அன்றே அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதினேன். இன்னும் நான்கு பேர், எங்களுக்கும் அப்படித்தான் வந்தது என்றார்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்லாப் பெயரையும் மொத்தமாக அமுக்கிவிடுகிறார் என்று ஒருவர் முடிவு கட்டினார். நான் அதற்குக் கட்டைவிரல் போட்டேன். பேச்சு பள்ளிக்கும் எட்டியிருக்க வேண்டும், மறுநாள் வேனில் வேறு ஆயாம்மா வந்தார்.

மூன்று நாள் கழித்து, எதற்கும் பார்ப்போம் என்று ஆப்பின் அன்றைய பதிவைத் திறந்தேன். பொத்தான் அமுக்கப்படவே இல்லை. வேன் கரைப் பாதைக்குப் போனதும் இருப்பிடம் வருவது நின்றிருக்கிறது. ‘வேன் வந்துவிட்டதா’ என்ற கேள்விக்கு நிஜ மெத்தட் ‘தெரியாது’ என்று சொல்லியிருக்கிறது. அதை எழுதிய சக ஊழியர், மூன்று பதில்கள் வரலாம் என்று மேலேயே குறிப்பும் போட்டிருந்தார். நானோ ‘வரவில்லை’ என்றால் மட்டும் நிறுத்து என்று எழுதியிருந்தேன். ‘தெரியாது’ வந்தபோது என் மெத்தட் அதைத் தாண்டிப் போய், பத்திரமாக இறங்கினார் என்று ஐந்து அம்மாக்களுக்கும் சொல்லிவிட்டது. என் மாக் ஒரு தடவைகூட ‘தெரியாது’ என்று சொன்னதில்லை. நான் சொல்லிக்கொடுக்கவில்லையே.

பதின்மூன்றாவது டெஸ்ட் எழுதினேன். மாக்கை ‘தெரியாது’ சொல்ல வைத்தேன். சிவப்பு. ஒரு வரியைத் திருத்தினேன். பச்சை. ஒரு ஆளின் வேலை அந்த ஒரு வரியில் போயிருந்தது. அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கவே அருவருப்பாக இருந்தது. அந்த வரியை எழுதிய, குழுவில் பழி போட்ட அதே விரல்கள்தானே.

லீடிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன், ஆயாம்மாவைப் பற்றியும். “ஒரு லைன்தானேங்க, ஆப்ல ஏத்திடுங்க. ஸ்கூலுக்கு வழக்கமான அப்டேட்னு சொல்லிக்கலாம். அவங்க ஆளை எடுத்தது அவங்க முடிவு,” என்றார். சரிங்க சார் என்றேன். அவர் சொன்னதைவிட, தடங்கலே இல்லாமல் என் வாயிலிருந்து வந்த அந்தச் சரிதான் எனக்கு அதிகம் நாறுகிறது. கணவரோ, சொன்னால் உன் வேலை போகும், சொல்லாவிட்டால் உனக்குத் தூக்கம் போகும், நீயே பார்த்துக்கொள் என்றுவிட்டார்.

போன வாரம் மகளோடு வரும்போது வயலில் உளுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களில் பழைய ஆயாம்மாவும் இருந்தார். நிமிர்ந்து பார்த்து, “பாப்பா இப்பவும் வேன்ல தூங்குதாம்மா? கழுத்து மடங்காம புடிச்சுக்கச் சொல்லுங்க புது ஆயாம்மாகிட்ட,” என்றார். மகள் கையை ஆட்டினாள். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் வேகமாக நடந்தேன்.

லீடையும் கணவரையும் தவிர இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் ஆயாம்மாவிடம் சொன்னால், வேலை திரும்பக் கிடைக்காமல் மன்னிப்பு மட்டும் கேட்கப் போன மாதிரி ஆகிவிடுமோ? பள்ளியில் முதலில் சொன்னால், என் முதுகுக்குப் பின்னால் செய்தாள் என்று லீட் நினைப்பாரோ? நான் பழி போட்டது அம்மாக்கள் குழுவில்தான், அப்படியானால் அங்கேயேதான் எழுத வேண்டுமோ? மூன்று விதமாகவும் எழுதி அழித்துவிட்டேன். இதைப் படிப்பவர்களில் இப்படி ஒரு தப்பை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு, பிறகு போய்ச் சொன்னவர்கள் இருந்தால், யாரிடம் ஆரம்பித்தீர்கள், முதல் வாக்கியமாக என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். உளுந்து வேலை முடிந்தால் ஆயாம்மா திருவாரூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடுவார் என்கிறார்கள். அதற்குள் எழுதினால் நல்லது.